எலி எந்தத் துறை?

ஐப்பசி பிறந்துவிட்டால் காவிரிப் படுகைக்கு மூன்று விருந்தாளிகள் தவறாமல் வருவார்கள்: அடைமழை, தீபாவளி, மர்மக் காய்ச்சல். முதல் இரண்டையும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது நாளிதழில் வரும். ‘கிராமத்தில் மர்மக் காய்ச்சல்: பொதுமக்கள் பீதி, மருத்துவக் குழு முகாம்.’ ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். மற்றபடி அந்தச் செய்தி நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

மர்மக் கதை படித்து வளர்ந்தவன் என்ற ஒரே தகுதியில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. மர்மம் என்றால் குற்றவாளி யாரென்று தெரியக்கூடாது. இங்கே சந்தேகத்துக்கு உரியவர்கள் எல்லோரும் ஊரறிந்த கேடிகள். டெங்கு, டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல். நால்வரையும் வரிசையில் நிறுத்தி அடையாளம் காட்டக் கொஞ்சம் ரத்தமும் ஓர் ஆய்வகமும் வேண்டும். ரத்தம் எடுக்காமல் ஊசி போட்டு அனுப்பிவிட்டு, மர்மம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள். பூலோகம் இருக்கட்டும், பூனை கண்ணை மூடிக்கொண்டால் எலிக்கு என்ன கொண்டாட்டம் என்பதுதான் நம் விஷயம்.

நால்வரில் எலிக்காய்ச்சல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது நெல்லோடு பிறந்தது. கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. திருகாணி மாதிரி முறுக்கிய உடம்பு. எலியின் சிறுநீரகத்தில் குடித்தனம் நடத்தும். எலிக்கு ஒரு தும்மல்கூட வராது. எலி வரப்பில் சிறுநீர் கழித்தால் கிருமி வயல் நீரில் இறங்கும். ஊறிய தோலில், ஒரு கீறலில், ஒரு பித்தவெடிப்பில் வாசல் கிடைத்தால் உள்ளே வரும். 1886லேயே ஜெர்மனியில் அடால்ஃப் வெயில் என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்துவிட்டார். 1915 வாக்கில் ஜப்பானில் இனாடாவும் இடோவும் கிருமியையே பிடித்துக் காட்டிவிட்டார்கள். அவர்களுக்கும் முன்னாலேயே ஜப்பானிய உழவர்கள் இதற்கு ‘இலையுதிர் காலக் காய்ச்சல்’ என்றும் ‘ஏழு நாள் காய்ச்சல்’ என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இத்தாலியில் நெல்வயல் காய்ச்சல் என்றார்கள். உழவன் வைத்த பெயரையே விஞ்ஞானிகள் லத்தீனில் எழுதிக்கொண்டார்கள். லெப்டோஸ்பைராவின் ஒரு வகைக்கு இன்றும் பெயர் ‘ஆட்டம்னாலிஸ்’. தமிழ்நாட்டு ரத்த மாதிரிகளில் அடிக்கடி தட்டுப்படுகிறவரும் இந்த ஆட்டம்னாலிஸ்தான். ஜப்பானில் இலையுதிர் காலம், இங்கே ஐப்பசி. அடையாள அட்டையோடு வருகிற ஆளைத்தான் நூறு வருடம் கழித்து மர்ம நபர் என்கிறோம்.

இனி காலைப் பற்றி.

நடவு நடுகிற பெண்ணின் காலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தஞ்சைக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலின் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். குனிந்து இதைப் பார்த்தவர் குறைவு. விரலிடுக்கில் வெளுத்துப் போய் அரிக்கிற சேற்றுப்புண். குதிகாலில் நாலணாக் காசைச் செருகி வைக்கலாம் போலப் பிளந்த வெடிப்பு. அதன் மேல் மஞ்சளும் விளக்கெண்ணெயும். அந்தக் காலோடு முழங்கால் சேற்றில் காலையிலிருந்து வெயில் தாழும்வரை நிற்கிறாள். வரப்பில் எலி வளை. மேட்டில் கட்டியிருக்கிற பசுவின் கோமியமும் அதே வாய்க்காலுக்குத்தான் வருகிறது. மேலே எங்கோ ஒரு பேரூராட்சியின் சாக்கடையும் அதே வாய்க்காலைத்தான் தேடி வருகிறது. மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் மூன்றும் ஒன்று என்று இப்போது உலக அரங்குகளில் படம் போட்டு விளக்குகிறார்களே, மூன்று வட்டம் ஒன்றையொன்று வெட்டுகிற படம், அந்த மூன்றும் வெட்டிக்கொள்கிற நடுப்புள்ளி அவள் குதிகால் வெடிப்பு.

எலிக்காய்ச்சலின் முக்கியமான அடையாளம் கெண்டைக்கால் சதை வலி. கண் சிவப்பு இன்னொன்று. பாடப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. குனிந்து நாள் முழுக்க நட்டவளிடம் போய்க் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். “வலிக்காம என்னா தம்பி செய்யும்? நட்டுட்டு வந்தா காலு பாடவா செய்யும்?” என்பாள். அவள் வாழ்க்கையே அந்த நோயின் அறிகுறியாக இருக்கும்போது நோயைத் தனியாகப் பிரித்துச் சொல்ல அவளுக்கு வழியில்லை. இரண்டு நாள் பொறுப்பாள். மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்குவாள். மூன்றாம் நாள் ஊசி. காய்ச்சல் விட்டது போலிருக்கும், வேலைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு சிலருக்குக் கண் மஞ்சளாகும். உடனே கீழாநெல்லி. சிறுநீர் குறையும். அது வெயிலுக்கு. சிறுநீரகம் நின்ற பிறகுதான் தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸ் ஏறுவாள். அங்கே டயாலிசிஸ் இருக்கிறது. தொடக்கத்தில் சில ரூபாய் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டிய நோய்க்கு அரசு பெருந்தன்மையாக டயாலிசிஸ் கொடுக்கிறது.

இதில் சோதனைக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. நம்மிடம் அதிகம் புழங்குகிற ரத்தச் சோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த பொருளைத் தேடுகின்றன. அது தேறிவர ஏறக்குறைய ஒரு வாரமாகும். முதல் வாரத்தில் கண்டுபிடிக்க வேண்டுமானால் கிருமியையே தேடுகிற பிசிஆர் சோதனை வேண்டும். ஆகவே கூலிக்காரிக்கு நோய் முற்றிய பிறகு சோதனை சரியாக வேலை செய்யும். சோதனையின் மேல் குற்றமில்லை. அது சம்பளத்தோடு விடுப்பு எடுக்கிறவர்களுக்காக உண்டானது.

சரி, இந்த எலிக்கு யார் பொறுப்பு?

வயலில் இருக்கிற எலி வேளாண்மை – உழவர் நலத் துறையைச் சேர்ந்தது. அது கதிரை வெட்டினால் அவர்களுக்குக் கோபம் வரும்; கிட்டி வை, வரப்பைச் சிறிதாக்கு, மருந்து வை, ஆந்தை உட்காரக் குச்சி நடு என்று வருவார்கள். நல்ல யோசனைகள்தான். தஞ்சாவூர்க் கிட்டி என்றே பேர் வாங்கிய மூங்கில் பொறி நம்முடையது. ஆனால் அவர்கள் கணக்கில் எலிக்குப் பல் மட்டும்தான் உண்டு, சிறுநீர்ப்பை கிடையாது. அதே எலியின் சிறுநீர் மனித ரத்தத்தில் கலந்தால் அது மக்கள் நல்வாழ்வுத் துறை. பசுவுக்குள் கலந்து கன்று வீசினால், பால் வற்றினால், கால்நடை பராமரிப்புத் துறை. வாய்க்காலில் மிதக்கிற வரைக்கும் நீர்வளத் துறை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் என்று திருப்பியடிக்கப்பட்ட நெல் குவியலுக்குள் எலி குட்டி போட்டால் அது நுகர்பொருள் வாணிபக் கழகமா, விவசாயியின் தலைவிதியா என்பது இன்னும் தீரவில்லை. இத்தனை எல்லைகளையும் தடையின்மைச் சான்று வாங்காமல், முத்திரை வைக்காமல் ஒரே மழை நாளில் கடந்துவிடுகிறது அந்தத் திருகாணிக் கிருமி. டெல்டாவில் ஒற்றைச் சாளர முறையை முழுமையாக நடைமுறைப்படுத்தியிருப்பது அது ஒன்றே.

‘மருந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் எலிக்கு வைப்பதை மருந்து என்கிறோம். பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. வயலில் எல்லா உயிருக்கும் மருந்து உண்டு, அங்கே வேலை செய்கிறவளைத் தவிர. எலி மூட்டை மூட்டையாக வளைக்குள் இழுத்துப் போவதற்கு ‘மகசூல் இழப்பு’ என்று கௌரவமான பெயர் இருக்கிறது, அதைப் பற்றிப் பட்டம் வாங்கலாம். இதே பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலிக்காரர்கள் அரைப்படி நெல் கூடக் கேட்ட தகராறு, 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்ததில் போய் முடிந்தது. எலியிடம் அப்படி யாரும் நடந்துகொண்டதாகச் சரித்திரம் இல்லை. அறுப்பு முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி அது சேர்த்து வைத்த நெல்லை எடுத்து உலையில் போட்ட குடும்பங்கள் இங்கே இருந்தன. எலி விட்டுக்கொடுத்த கூலி அது. கூடவே காய்ச்சலும் கொடுத்திருக்கும். எவர் கணக்கு வைத்தார்?

இப்போது அந்த மூன்று வட்டப் படத்துக்கு ‘ஒன் ஹெல்த்’ என்ற பெயர் வந்திருக்கிறது. ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு, ஒரே தேர்தல் வரிசையில் ஒரே நலம். கருத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கருத்து நூற்றுக்கு நூறு சரி. மனிதரைத் தாக்கும் தொற்றுகளில் பத்துக்கு ஆறு விலங்கு வழி வருபவை என்கிறார்கள்; கோவிட்டுக்குப் பிறகு அதைச் சந்தேகப்பட ஆளில்லை. 2021 அக்டோபரில் உயிரித் தொழில்நுட்பத் துறை 27 நிறுவனங்களைச் சேர்த்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அதில் இருக்கிறது. 2022 டிசம்பர் 11 அன்று நாக்பூரில் தேசிய ஒன் ஹெல்த் நிறுவனத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தேசிய இயக்கம் ஒன்றும் இருக்கிறது. எலிக்காய்ச்சலுக்கென்றே மத்திய அரசின் தனித் திட்டம் வகுக்கப்பட்டபோது அதில் சேர்க்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காகிதத்தில் எலி தப்பவே முடியாது.

தரையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரத்தநாட்டில் 2012இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே டவுன் பஸ் தூரம். வழி முழுக்க வயல், எலி, மாடு, ஆள். ஆராய்ச்சிக்கு இதைவிட இடம் கடவுளே நினைத்தாலும் அமைத்துத் தர முடியாது. ஆனால் மருத்துவக் கல்லூரிக்குப் பல்கலைக்கழகம் கிண்டியில், கால்நடைக் கல்லூரிக்கு மாதவரத்தில். எலியை அறிந்த வேளாண் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில். வார்டில் படுத்திருக்கிற பெண்ணின் ரத்தமும் அவள் வீட்டுப் பசுவின் ரத்தமும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டுமானால், முறைப்படி எழுதிப்போட்டால், கோப்பு சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்தப் பெண்ணும் பசுவும் ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுந்தவர்கள் என்பது கோப்பில் வராது.

ஆய்வாளர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நாக்கு அழுகும். சென்னைத் துப்புரவுப் பணியாளர்களின் ரத்தத்தில் லெப்டோவின் தடயத்தை ரத்னம் குழுவினர் தேடிக் காட்டி 1993லேயே எழுதினார்கள். சேலத்து அரிசி ஆலைத் தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வு 2002இல் வந்தது. யாருக்கு வருகிறது என்று பாருங்கள்: சாக்கடை அள்ளுகிறவர், நெல் மூட்டை தூக்குகிறவர், நாற்று நடுகிறவர். நோய்க்குச் சாதி தெரியாது என்று மேடையில் பேசுகிறார்கள். தொழிலுக்குத் தெரியுமே. சேற்றில் யார் இறங்குவது என்பதை இந்த ஊரில் கிருமியா தீர்மானித்தது?

தஞ்சாவூருக்கென்றே ஓர் அருமையான கண்டுபிடிப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் பாவம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புகிற கொசு நெல்வயல் நீரில் பெருகும். அந்தக் கணக்கில் தஞ்சாவூர்ப் பிள்ளைகள்தான் முதலில் சாக வேண்டும். இத்தனை வயல் வேறெங்கே இருக்கிறது? ஆனால் பழைய தென்னாற்காட்டுப் பக்கம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன நோய் இங்கே அப்படி ஆடவில்லை. ஏன் என்று தேடிய விஜயராணியும் கஜனானாவும் 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள்: தஞ்சை மாவட்டக் கிராமத்துக் குழந்தைகளிடம் தொற்று குறைவு, இங்கே ஒரு பன்றிக்கு நூற்றுக்கணக்கில் மாடுகள் இருப்பது காரணமாக இருக்கலாம். வைரஸ் பன்றிக்குள் பெருகும், மாட்டுக்குள் பெருகாது. கொசு மாட்டைக் கடித்துவிட்டுப் போனால் கதை அங்கேயே முடிந்தது. அதாவது நம் பிள்ளைகளின் கடியைத் தொழுவத்து மாடு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது, சத்தமில்லாமல், மாட்டுப் பொங்கலுக்கு ஒரு நாள் மாலையை மட்டும் வாங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு டிராக்டர் உழுதது, இயந்திரம் அறுத்தது, உழவு மாடு சந்தைக்குப் போனது. மாடு குறைந்தால் கொசு எங்கே உட்காரும்? கொசு வளர்ச்சித் திட்ட அறிக்கை படிப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: மூளைக்காய்ச்சலிலிருந்து காக்கிற அதே மாடு லெப்டோவைச் சிறுநீரில் விடவும் செய்யும். ஒரு கொம்பில் காப்பு, ஒரு கொம்பில் குத்து. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குப் பெயர்தான் ஒன் ஹெல்த். அதற்கு மாட்டு ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டையும் ஒரு மாலை நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கல் தேவையில்லை. இரண்டு ஸ்டூல் போதும்.

மலையாளிகளைப் பாருங்கள். 2018 வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் வரும் என்று தெரிந்து, சேற்றில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். உறுதியானது இத்தனை, சந்தேகம் இத்தனை, சாவு இத்தனை என்று கணக்கு வெளியிடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, கேரளாவில்தான் சார் இதெல்லாம் ஜாஸ்தி என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். நம்மிடமும் எண்ணிக்கை இருக்கிறது: ரத்தம் எடுத்த அளவுக்கு எண்ணிக்கை. உலகத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் நோயாளிகள், 58,900 சாவு என்று 2015இல் ஒரு மதிப்பீடு வந்தது. மதிப்பீடு என்று ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், சாகிறவர்கள் பெரும்பாலும் எண்ணப்படாத ஊர்களில் சாகிறார்கள்.

அந்த மாத்திரையின் கதையும் கேளுங்கள். 1982இல் பனாமாக் காட்டில் பயிற்சிக்குப் போன 940 அமெரிக்கச் சிப்பாய்களைப் பிரித்துப் பாதிப் பேருக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 20 பேருக்கு நோய் வந்தது. மற்றவர்களில் ஒரே ஒருவருக்கு. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி வீசுகிற மாத்திரை இல்லை அது. கர்ப்பிணிக்குக் கூடாது, ஆண்டுக்கணக்கில் விழுங்கவும் கூடாது. யாருக்கு, எந்த வாரம், எத்தனை வாரம் என்று இந்த மண்ணில் இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் காட்டுக்குள் போன சிப்பாய்க்கு அந்த அக்கறை கிடைத்தது. நாற்பது சம்பா கண்டவளுக்குக் கிடைத்தது ஒரு துண்டுப் பிரசுரம்.

அந்தப் பிரசுரத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். வழவழப்பான தாள். ‘வயலில் இறங்கும்போது முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும் கையுறையும் அணியுங்கள்’ என்று போட்டிருக்கிறது. எழுதியவரை நான் மனமார அழைக்கிறேன். தாளடி நடவுக்கு வரட்டும். ரப்பர் காலணியோடு ஒரு அடி எடுத்து வைக்கட்டும். இரண்டாவது அடியில் கால் மட்டும் வெளியே வரும், காலணி அறுவடைக்குத்தான் வரும். கையுறை போட்ட விரலால் மூன்று நாற்றைப் பிரித்து ஊன்றிக் காட்டட்டும், பக்கத்து வரிசைக்காரிகள் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளட்டும். பிரசுரத்தில் படம்கூடப் போட்டிருக்கிறார்கள். சிவப்புக் கன்னம், தொப்பி, காலணி எல்லாம் போட்ட ஒரு விவசாயி கோதுமைக்கு நடுவே நின்று சிரிக்கிறார்.

2020இல் இந்தப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். வரவேற்றோம், பட்டாசு வெடித்தோம். எண்ணெய்க் கிணற்றிலிருந்து நிலத்துக்குப் பாதுகாப்பு. நிலத்தில் நிற்கிற காலுக்கு எந்தச் சட்டம் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, நானும் இனிப்பு வாங்கித் தின்றேன்.

போன ஐப்பசியில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஆறேழு வீட்டில் காய்ச்சல். செய்தி வந்தது, மர்மம் என்ற அடைமொழியோடு. அன்று சாயங்காலமே வண்டி வந்தது. இரண்டு பேர் தோளில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு புகை அடித்தார்கள். கொசுவுக்கான புகை. எலிக்காய்ச்சலாக இருக்குமோ, ரத்தம் எடுக்க மாட்டீர்களா என்று கேட்டேன். “சார், எங்களுக்குப் புகை மட்டுந்தான் ஆர்டர்” என்றார் ஒருவர். நல்ல மனிதர், தினக்கூலி. அவர் முகத்துக்கு முகமூடிகூட இல்லை. சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வெள்ளைப் புகைக்குள் ஓடினார்கள். தெருக்கோடியில் சிமெண்டு ரோடு முடிகிற இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அதற்கு அப்பால் வரப்பு. வரப்பில் சுத்தமாக, ஈர மண்ணைப் புதிதாய்த் தள்ளிவிட்டு, நாலு வளை. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆன ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து மறுநாள் களை எடுக்கப் போவதற்காகப் பித்தவெடிப்பில் மெழுகை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள்.